கொழும்புக்குக் கம்பனி பார்க்கப் போகும் கம்பஸ் பிள்ளைகளுக்கு

மூன்றாம் வருடத்தில் எங்கள் பட்சை, அதாவது ஒன்றாகப் படித்த எங்கள் எல்லோரையும், யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி, இரண்டு நாட்களில் நான்கு கம்பனிகளைக் காட்டிக் கூட்டிவந்தார்கள். முதல் நாள் முழுக்க எனக்கு வீணாகப் போனது. இரண்டாம் நாள் சந்தித்த ஓர் அக்காவால்தான் என் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. இந்த முறை போகிற தம்பி ஒருவன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான், அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

வேலை பஸ் ஏறுவதற்கு ஒரு கிழமை முன்பே தொடங்க வேண்டும். எந்தக் கம்பனிகள் என்று தெரிந்ததும் லிங்க்ட்இன்னில் அந்தக் கம்பனியின் பக்கத்துக்குப் போய், அங்கே வேலை செய்பவர்களின் பட்டியலில் உங்கள் கம்பஸ் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எங்கள் கம்பஸில் படித்த யாராவது அநேகமாக இருப்பார்கள். அவருக்கு, "அண்ணா, நான் மூன்றாம் வருடம், வியாழக்கிழமை எங்கள் பட்ச் உங்கள் ஒபிஸுக்கு வருகிறது, தேத்தண்ணி நேரத்தில் ஐந்து நிமிடம் கதைக்கலாமா?" என்று எழுதினால் போதும். அந்த முதல் மெசேஜிலேயே சிவியை, அதாவது சுயவிபரத் தாளை, இணைத்து அனுப்பாதீர்கள். ஐந்து நிமிடம் கேட்டால் பெரும்பாலானோர் தருவார்கள், வேலை கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவர்களுக்கே தெரியாது.

சிவி ஒரு பக்கம், ஐந்து பிரதி, மடியாமல் ஒரு பைலில். தேசிய அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்க வேண்டும், பெரிய கட்டடங்களில் வாசலிலேயே அதைக் கேட்பார்கள். புதுச் சப்பாத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் போடாதீர்கள், பகல் முழுக்க நிற்க வேண்டிவரும்.

இரவு பஸ்ஸில் வருபவர்கள் விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கிவிடலாம். அங்கே ஒரு சித்தியோ மாமியோ இருந்தால் குளித்து, சேர்ட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு புறப்படுவது எவ்வளவு பெரிய வசதி என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். கோட்டைப் பக்கம், அதாவது உலக வர்த்தக மையம் மாதிரி இடம் என்றால், காலை நேரத்தில் காலி வீதி பஸ்ஸை நம்பாமல் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறுங்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று கடலோரமாகப் போய்க் கோட்டையில் விடும், மிச்சம் நடக்கிற தூரம்தான். சனம் நெருக்கும், ஆனால் ட்ராபிக் இல்லை. ஐடி படிப்பவர்களை, ஐடி கம்பனிகள் சேர்ந்திருக்கும் தெமட்டகொடை ஓரியன் சிட்டிக்கோ மருதானை ட்ரேஸ் பக்கமோ கூட்டிப்போவார்கள், அதற்குக் கம்பஸ் பஸ்ஸோடேயே இருங்கள்.

மொழிப் பயம் எல்லோருக்கும் இருக்கும். எனக்கு நிறையவே இருந்தது. நான் யார், என்ன செய்திருக்கிறேன், எதைத் தெரிந்துகொள்ள வந்தேன் என்ற மூன்று வசனங்களை மட்டும் ஆங்கிலத்தில், வாய்விட்டு, நாக்கு சிக்காமல் வரும்வரை சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் பழகாது. எதிரில் இருப்பவர் தமிழர் என்று தெரிந்தாலும் பக்கத்தில் சிங்கள நண்பர்கள் நின்றால் ஆங்கிலத்தில் தொடங்குங்கள், தனியே நிற்கும்போது தமிழுக்கு மாறலாம்.

ஆனால் இந்தப் பயணத்தின் உண்மையான நேரம் பிரசன்டேஷன் முடிந்து ரோல்ஸும் தேத்தண்ணியும் தரும் அந்த இருபது நிமிடம். முதல் நாள் நாங்கள் எல்லோரும் ஜன்னலோரம் வட்டமாக நின்று, ஒரு கையில் ரோல்ஸ் மறு கையில் கப் என்று எங்களுக்குள்ளேயே கதைத்துக்கொண்டிருந்தோம். அந்த ஒபிஸ்காரர்கள் ஐந்து பேர் அந்தப் பக்கம் சும்மா நின்றார்கள். நாம் கூட்டமாக நின்றால் யாரும் உள்ளே வர மாட்டார்கள், அவர்களுக்கும் கூச்சம்தான். சினேகிதர்களை அன்று மட்டும் விட்டுவிடுங்கள். ரோல்ஸை எடுக்காதீர்கள், எண்ணெய்க் கையோடு சிவியைத் தொட முடியாது.

இரண்டாம் நாள் தண்ணி பில்டருக்குப் பக்கத்தில் தனியே நின்ற ஓர் அக்காவிடம் போய், "சேர்ந்த முதல் மாதம் உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டேன். வெப்சைட்டில் கிடைக்காத கேள்வி. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நிறையச் சொன்னார், அப்புறம் அவராகவே சிவியைக் கேட்டு வாங்கினார். பேனையை எடுத்துப் பொழுதுபோக்கு என்ற வரியை வெட்டினார். குரூப் ப்ரொஜெக்ட் என்று நான் எழுதியிருந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "இதில் நீங்கள் செய்தது எது?" என்றார். டேட்டாபேஸ் முழுக்க நான் செய்தது, ஆனால் தாளில் அது எங்கேயும் இல்லை. அந்த நீல மை வட்டம் போட்ட தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் சிவியிலும் குரூப் வேலை இருந்தால், உங்கள் பங்கு என்ன என்பதை இன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

யாரோடு கதைத்தாலும் அன்றிரவே ஒரு மெசேஜ் போடுங்கள். நன்றி மட்டும் எழுதினால் மறந்துவிடுவார்கள். அவர் சொன்ன ஒன்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள், அதைச் செய்து முடித்த பிறகு இன்னொரு தடவை எழுதுங்கள். நான் இரண்டு கிழமை கழித்துத் திருத்திய சிவியை அனுப்பினேன். அதற்குப் பிறகு நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, இன்டர்ன் எடுக்கிறார்கள், அப்ளை பண்ணுங்கள் என்று அவரே எழுதினார். நேர்முகத்தில் முதல் கேள்வியே அந்த டேட்டாபேஸ் பற்றித்தான்.

பின்னேரம் காலி முகத்திடலுக்குப் போவீர்கள், போட்டோ எடுங்கள், இறால் வடை சாப்பிடுங்கள், அதையெல்லாம் விட வேண்டாம். ஆனால் திரும்பும் பஸ்ஸில் லைட் அணைக்க முதல், யாரிடம் என்ன கதைத்தீர்கள் என்று கொப்பியில் பெயரோடு எழுதிவிடுங்கள். புத்தளம் தாண்டும்போது எல்லோரும் நித்திரை, காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது பாதிப் பெயர் ஞாபகம் வராது.