மனச்சோர்வுக்கு எந்தச் சிகிச்சை? நான் நோட்டுப் போட்டு ஒப்பிட்ட விதம்

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மனச்சோர்வு வந்திருக்கிறது. எனக்கு, தம்பிக்கு, சித்திக்கு. மூன்று பேரும் தேறினோம், ஆனால் வெவ்வேறு வழிகளில். நான் அருப்புக்கோட்டையில் கணக்கு டீச்சர். எதையும் கோடு போட்டு எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். அப்படி எழுதிய நோட்டைப் பார்த்துவிட்டு இப்போது தெரிந்தவர்கள் வந்து "டீச்சர், மாத்திரை நல்லதா, கவுன்சிலிங் நல்லதா?" என்று கேட்கிறார்கள். யாருக்கு, இப்போது எந்த நிலையில் என்று தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு உடனே பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, நோட்டின் முதல் பக்கம். அளக்காமல் எதையும் ஒப்பிட முடியாது. பி.எச்.க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் உண்டு, தமிழிலும் கிடைக்கிறது. கடந்த 2 வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, எதிலும் நாட்டமில்லாமை இதெல்லாம் எத்தனை நாள் தொல்லை தந்தன என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம், 15 முதல் 19 வரை அதற்கும் மேல், 20-உம் அதற்கு மேலும் கடுமை. எனக்கு 17 வந்தது. இந்த எண்ணை வைத்து நாமே நோயை முடிவு செய்யக் கூடாது, அது மருத்துவரின் வேலை. ஆனால் 6 வாரம் கழித்து "கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது" என்று தடுமாறாமல் இருக்க இந்த எண் வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அதே பக்கத்தில் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எழுதுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் உடம்பும் மனமும் இதே மாதிரி சோர்ந்து போகும். இன்னொன்றும் எழுதுங்கள்: எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் அளவுக்கு மீறிய உற்சாகம், ஓயாத பேச்சு, கண்டபடி செலவு என்று இருந்ததா? வீட்டில் யாருக்காவது இருந்ததா? இருந்தால் அது இருதுருவக் கோளாறாக இருக்கலாம். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நோய் மறுபக்கம் திரும்பிவிடக்கூடும். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் அடுத்த பக்கத்தில் கட்டம் போடுங்கள். எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் நான் கேட்பது ஐந்து கேள்விகள். பலன் எத்தனை நாளில் தெரியும்? என்ன தொல்லை தரும்? எவ்வளவு காலம் தொடர வேண்டும், எப்படி நிறுத்துவது? பணம், பயணம், நேரம், தெம்பு என்று நம்மிடம் என்ன கேட்கும்? பலிக்காவிட்டால் அடுத்தது என்ன?

இந்தக் கேள்விகளை நான் கற்றுக்கொண்டது தப்புச் செய்துதான். முதலில் பார்த்த மருத்துவர் இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அல்பிரசோலம். எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு மாதம் போட்டேன். தூங்கினேன், ஆனால் விழித்திருந்த நேரம் மாறவே இல்லை. இந்த வகை மாத்திரை பதற்றத்தை அப்போதைக்கு அடக்கும், மனச்சோர்வைக் குணப்படுத்தாது. சில வாரங்களுக்கு மேல் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், விடுவதும் கஷ்டம். உங்கள் சீட்டில் அல்பிரசோலமோ குளோனசிபாமோ இருந்தால் அது எந்தத் தேதி வரைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நெடுநாளாகப் போடுகிறீர்கள் என்றால் திடீரென்று விடாதீர்கள், மருத்துவர் சொல்லும் கணக்கில் குறைக்க வேண்டும்.

பிறகு மனநல மருத்துவர் எனக்குக் கொடுத்தது எஸ்சிடாலோபிராம். செர்ட்ராலின், ஃபுளூவாக்செடின் எல்லாம் இதே குடும்பம். முதல் வாரம் குமட்டல், தலைவலி, பலன் ஒன்றும் தெரியவில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தொல்லை முதலில் வரும், பலன் 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம்கூட ஆகும். நான்காவது வாரம் ஒரு நாள் கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். அன்று காலையிலிருந்து அழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறாவது வாரம் மதிப்பெண் 11. பன்னிரண்டாவது வாரம் 6.

அந்த 6-ஐப் பார்த்ததும் குணமாகிவிட்டது என்று யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன். மூன்றே நாளில் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு சுரீர். இரண்டு மாதத்தில் மறுபடி 14. நன்றாக ஆன பிறகும் 6 முதல் 9 மாதம் தொடர வேண்டும், அப்புறம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மூன்றாவது கேள்வியை முன்பே கேட்டிருந்தால் அந்த இரண்டு மாதத்தை இழந்திருக்க மாட்டேன்.

ஒரு மாத்திரை ஒத்துவரவில்லை என்றால் மனம் விட வேண்டாம். 2006-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில் முதல் மாத்திரையிலேயே முழுதாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், சேர்த்துக் கொடுத்தார்கள். மாற்றும்போது உங்களுக்கு எந்தத் தொல்லை அதிகம் என்று சொல்லுங்கள். தூக்கமும் பசியும் அடியோடு போனவருக்கு மிர்டாசபின் கைகொடுக்கும், ஆனால் எடை கூடலாம். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகளில் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், அளவு மீறிப்போனால் இதயத்துக்கு ஆபத்து. எஸ்சிடாலோபிராம் குடும்பத்தில் தாம்பத்திய உறவில் நாட்டம் குறையலாம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மருந்தை ரகசியமாக விடுகிறவர்கள் உண்டு. சொன்னால் மாற்றுவதற்கு வழி இருக்கிறது. 25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் சில வாரம் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், சாக நினைப்பு அந்த நாட்களில் அதிகமாகக்கூடும்.

இரண்டாவது சுற்றில் மாத்திரையோடு பேச்சுச் சிகிச்சையும் சேர்த்தேன். சனிக்கிழமை தோறும் மதுரைக்குப் பஸ், பாதி நாள் போய்விடும், ஒவ்வொரு அமர்வுக்கும் கட்டணம். நான்காவது கேள்விக்கு எதிரே இதையெல்லாம் எழுதியபோது மலைப்பாக இருந்தது. ஆனாலும் போனேன். இந்தச் சிகிச்சை அறிவுரை அல்ல. "தைரியமாக இருங்கள்" என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் மூன்று பிள்ளைகள் கணக்கில் தோற்றபோது 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தோன்றியதை எழுதச் சொன்னார்கள். அதற்கு ஆதாரம் என்ன, எதிர்ஆதாரம் என்ன என்று இரண்டு பத்தியாகப் பிரிக்கச் சொன்னார்கள். தேறிய முப்பத்தெட்டுப் பேரை நான் எண்ணவே இல்லை என்று என் கையெழுத்திலேயே பார்த்தேன். இது பொதுவாக 12 முதல் 16 அமர்வு வரை போகும். நோய் அதிகமாக இருப்பவர்களுக்கு மாத்திரை மட்டும் அல்லது பேச்சு மட்டும் என்பதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல். அமர்வுகள் முடிந்த பிறகும் கற்றுக்கொண்டது கூடவே இருக்கிறது, அதனால் நோய் திரும்புவதும் குறைகிறது. போகும் முன் அவர் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். கவுன்சிலிங் என்று பலகை மாட்டியவர்கள் எல்லாரும் இதைப் படித்தவர்கள் அல்ல.

தம்பிக்கு வந்தது 12. தறியை விற்ற பிறகு வந்தது. அவன் மாத்திரை வேண்டாம் என்றான், மருத்துவரும் அந்த அளவுக்குக் காத்துப் பார்க்கலாம் என்றார். அவனுக்குக் கொடுத்தது செயலைத் தூண்டும் சிகிச்சை. மனம் தேறினால் வெளியே போகலாம் என்று காத்திராமல், வெளியே போய் மனத்தைத் தேற்றுவது. காலை ஆறு மணிக்கு நண்பனோடு கண்மாய்க் கரையில் நடை, பத்து மணிக்குள் ஒரு வீட்டு வேலை, சாயங்காலம் ஒருவரிடமாவது நேரில் பேச்சு, ஒவ்வொன்றுக்கும் பிறகு மனநிலைக்கு ஒரு மதிப்பெண். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். கோவாவில் சங்காத் என்ற அமைப்பு இதே முறையை, சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களை வைத்தே, ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6 முதல் 8 அமர்வுகளாக நடத்தியது. மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரிடம் நடத்திய அந்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது, வழக்கமான கவனிப்பைவிட நல்ல பலன் தெரிந்தது. தம்பி பத்து வாரத்தில் 5-க்கு வந்தான். வராமல் இருந்திருந்தால் மாத்திரை என்று முன்பே தேதி குறித்து வைத்திருந்தோம். அந்தத் தேதி முக்கியம்.

சித்தி கதை வேறு. சித்தப்பா போன பிறகு படுக்கையை விட்டு எழவில்லை, கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. மாத்திரை கொடுத்ததில் சோடியமும் குறைந்துபோனது. வயதானவர்களுக்கு இது நடக்கும், அதனால் ரத்தத்தில் உப்பு அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உறவினர்கள் கோயிலில் தங்கவைக்கலாம் என்றார்கள். கும்பிடுவதை நான் தடுக்க மாட்டேன், ஆனால் சிகிச்சையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி தர்கா பக்கத்து மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் கருகிய செய்தியை நான் மறக்கவில்லை.

மருத்துவர் மின்அதிர்வு சிகிச்சை என்றதும் வீடே பயந்தது. ஷாக் ட்ரீட்மென்ட் என்றாலே சினிமாவில் பார்த்த துடிப்புதான் நினைவுக்கு வந்தது. உண்மையில் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்கிறார்கள், அவை இல்லாமல் செய்யக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே தடுக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் 6 முதல் 12 வரை. சாப்பிடாமல் கிடப்பவருக்கு எட்டு வாரம் காத்திருக்க நேரமில்லை, இது சீக்கிரம் வேலை செய்யும். நான்காவது அமர்வுக்குப் பின் சித்தி ரசம் சாதம் கேட்டார். அந்த மாதத்து நினைவுகள் சில அவருக்கு இன்னும் இல்லை. மறதியை முன்பே சொல்லியிருந்தார்கள், நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன், அதனால் நாங்கள் கலங்கவில்லை. பலன் நிலைக்க இப்போது மாத்திரை தொடர்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்பதால் செலவு பஸ் கட்டணத்தோடு முடிந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், மறுபடி வரும்போது முதலில் என்ன தெரியும் என்று எங்கள் மூவருக்கும் எழுதியிருக்கிறது. எனக்கு, விடைத்தாள் கட்டு பிரிக்காமல் கிடப்பது. தம்பிக்கு, போனை எடுக்காமலிருப்பது. சித்திக்கு, காலையில் பால் வாங்க வாசலுக்கு வராதது. ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் யார் யாருக்குப் போன் போட வேண்டும் என்று பக்கத்திலேயே பெயரும் இருக்கிறது. சித்தியின் பெயருக்கு எதிரே பால்காரருடைய எண்.