நியூட்ரான் விண்மீனின் காந்தப்புலத்தை நாமே அளந்து பார்க்கலாம்

பூமியின் காந்தப்புலம் அரை காஸ் (புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) அளவுதான். சுமார் 20,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற நியூட்ரான் விண்மீனில் (பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த உட்கரு) அது சில லட்சம் கோடி காஸ். அங்கே காந்தமானி கொண்டுபோக முடியாது. ஆனால் அதன் எக்ஸ் கதிர் நிறமாலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது எந்த ஆற்றலில் விழுகிறது என்று தெரிந்தால் புலம் தெரிந்துவிடும். 1976இல் பலூனில் பறக்கவிட்ட கருவியின் உதவியால் யோகிம் ட்ரூம்பரின் குழு இதை முதலில் கண்டது.

பள்ளம் ஏன் வருகிறது? இவ்வளவு வலுவான புலத்தில் எலக்ட்ரான்கள் தம் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. மாடிப்படி போலக் குறிப்பிட்ட ஆற்றல்களில்தான் இருக்கும். ஒரு படியின் உயரம், லட்சம் கோடி காஸுக்கு 11.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கேஇவி). அந்த ஆற்றலுள்ள ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) எலக்ட்ரான்கள் சிதறடித்துவிடுவதால் நம்மிடம் வந்து சேர்பவை குறைகின்றன. இதற்குச் சைக்ளோட்ரான் கோடு என்று பெயர்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. தரவு

நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் நூஸ்டார் தொலைநோக்கியின் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2012இல் ஏவப்பட்ட இது 3 முதல் 79 கேஇவி வரை பார்க்கும். நமக்கு வேண்டிய பகுதி உள்ளேயே அடங்கிவிடுகிறது. தேதியில் மட்டும் கவனம். ஹெர்குலிஸ் எக்ஸ்-1ஐச் சுற்றியுள்ள வளைந்த வாயுத்தட்டு 35 நாளுக்கு ஒருமுறை சுழன்று அதை மறைத்து மறைத்துக் காட்டும். பிரகாசமாகத் தெரியும் நாட்களின் தரவையே எடுங்கள்.

2. சுத்தம் செய்தல்

ஹீசாஃப்ட் மென்பொருளை நிறுவி, நூபைப்லைன், அப்புறம் நூப்ராடக்ட்ஸ் கட்டளைகளை ஓட்டுங்கள். விண்மீன் மேல் ஒரு வட்டம், பின்னணியைக் கழிக்க வெற்று வானத்தில் ஒரு வட்டம், அவ்வளவுதான் நம் பங்கு. கிடைக்கும் நிறமாலையில் ஒவ்வொரு ஆற்றல் கட்டத்திலும் குறைந்தது 25 ஃபோட்டான்கள் இருக்கும்படி தொகுத்துக்கொள்ளுங்கள்.

3. பள்ளம் இல்லாத வளைவு

சறுக்கும் இடம் இதுதான். ஹீசாஃப்டுடன் வரும், நிறமாலைக்கு வளைவு பொருத்தும் நிரலான எக்ஸ்ஸ்பெக்கில் முதலில் பள்ளமே இல்லை என்று வைத்துக்கொண்டு ஒரு வழவழப்பான வளைவைப் பொருத்த வேண்டும்: அதிக ஆற்றலில் சரியும் பவர் லா (ஆற்றலின் அடுக்குக்கு ஏற்பக் குறையும் வளைவு), கூடவே 6.4 கேஇவி அருகே இரும்பு அணுக்கள் உமிழும் கோடு. சரிவுக்கு ஹைஇகட் என்ற மாதிரி பிரபலம். ஆனால் சரிவு தொடங்கும் இடத்தில் அது சட்டென்று மடங்கும். அந்த மடிப்பே ஒரு பொய்ப் பள்ளத்தை உண்டாக்கும். முதல் முறை செய்தபோது 20 கேஇவி அருகே புதுக் கோடு கண்டுபிடித்துவிட்டதாக ஒரு நாள் முழுக்கக் குதித்தேன். மடிப்புதான் அது. ஆகவே இரண்டு வேறு வளைவுகளையாவது போட்டுப் பாருங்கள். எதைப் போட்டாலும் அதே இடத்தில் நிற்பதைத்தான் நம்பலாம்.

இப்போது தரவை வளைவால் வகுத்த விகிதப் படத்தைப் போடுங்கள். 35 முதல் 40 கேஇவி வரை ஒரு குழி கண்ணுக்கே தெரியும்.

4. கோட்டைச் சேர்த்தல்

அந்த வளைவை, பள்ளத்தை விவரிக்கும் கேப்ஸ் என்ற மாதிரியால் பெருக்குங்கள். தொடக்க மதிப்பாக மையம் 37 கேஇவி, அகலம் 6 கேஇவி கொடுத்தால் எக்ஸ்ஸ்பெக் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சைக்ளாப்ஸ் என்று இன்னொரு மாதிரியும் உண்டு. அதில் மையம் கொஞ்சம் வேறாக வரும். பிறருடைய எண்ணோடு ஒப்பிடும்முன் அவர்கள் எதைப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள்.

5. கணக்கு

மையம் 37 கேஇவி என்று வந்தால் அதை அப்படியே 11.6ஆல் வகுக்கக் கூடாது. விண்மீனின் ஈர்ப்பிலிருந்து ஏறி வரும்போது ஒளி ஆற்றலை இழக்கிறது. அதற்கு ஈடாக வழக்கமாக 1.3ஆல் பெருக்குவார்கள். 37 × 1.3 ÷ 11.6 = 4.1. அதாவது சுமார் நான்கு லட்சம் கோடி காஸ்.

இது விண்மீன் முழுவதற்குமான எண் அல்ல. காந்த முனையருகே, கோடு உருவாகும் இடத்தின் புலம் மட்டுமே. ஹெர்குலிஸ் எக்ஸ்-1 பிரகாசமாகும்போது கோடும் சற்று மேலே நகர்கிறது. 1990களில் இருந்ததைவிட 2012க்குள் அது சில கேஇவி இறங்கியும் விட்டது. எனவே விடையை எழுதும்போது பக்கத்திலேயே தேதியையும் பிரகாசத்தையும் குறித்து வையுங்கள். அடுத்து வேறொரு ஆண்டின் தரவை எடுக்கும்போது அது தேவைப்படும்.