வெள்ளம் புகுந்த அம்பிளிபயரை மீட்பது எப்படி?

வெள்ளம் வடிந்ததும் பலர் அம்பிளிபயரை ஒருநாள் வெயிலில் காயவைத்துவிட்டு சுவிச்சைப் போடுகிறார்கள். சாமான் சாவது அப்போதுதான். தண்ணீர் காய்ந்தாலும் உப்பும் சேறும் உள்ளே நிற்கும். மட்டக்களப்பு வாவியோரம் புகுவது உவர்நீராக இருக்கலாம். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, கறண்ட் பாய்ந்ததும் செப்புத் தடங்களை அரித்துப் பச்சையாக்கும். அம்பாறை வயற்பக்கத்துச் சேற்று நீர் என்றாலும் கழுவாமல் விடாதீர்கள். சேறு இறுகமுன் கழுவுங்கள்.

1. பிளக்கைக் கழற்றி மூடியைத் திறவுங்கள். கையை உள்ளே விடாதீர்கள். பெரிய கப்பாசிற்றர்களில் மின் தேங்கியிருக்கலாம். 1 கிலோ ஓம், 5 வாற்று ரெசிஸ்ரரை, காப்பிட்ட வயரால் ஒவ்வொன்றின் இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு நிமிடம் பிடியுங்கள். மீற்றரில் 1 வோல்ற்றுக்குக் கீழே வரவேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஷோட் பண்ணவே வேண்டாம்.

2. வயர்களைப் படமெடுத்துவிட்டு போர்டுகளைக் கழற்றுங்கள். பவர் ட்ரான்சிஸ்ரர்களையும், சூடு தணிக்கும் உலோகத் தகடான ஹீற்சிங்கிலிருந்து எடுக்கவேண்டும். மைக்காத் தகட்டின் கீழே தங்கும் உப்பு பிறகு கறண்டைக் கசியவிடும். துடைத்து, பூட்டும்போது புதிய ஹீற்சிங் பேஸ்ற் பூசுங்கள்.

3. போர்டை நல்ல தண்ணீரில், மென்மையான பல் பிரஷால் கழுவுங்கள். கடைசி அலசலுக்குக் கரையோரக் கிணற்று நீர் கூடாது. பற்றரிக்கு ஊற்றும் வடிநீரில் இரண்டு தரம் அலசுங்கள். பற்றரி அசிட்டை மாறி வாங்கிவிடாதீர்கள்! 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் கிடைத்தால் இறுதியாக அதைப் பூசலாம். ட்ரான்ஸ்போமரை முக்காமல் வடிநீர்த் துணியால் துடைக்கவும். சேறு புகுந்த ரிலேயையும் வொலியூமையும் மாற்றிவிடுங்கள்.

4. மாரியில் வெயிலை நம்பமுடியாது. துளையிட்ட தகரப் பெட்டிக்குள் 60 வாற்று குண்டு பல்பை எரியவிட்டு, பாகங்கள் பல்பில் முட்டாமல் வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் காயவையுங்கள். சூடு 60 பாகையைத் தாண்டக்கூடாது. போர்டு சீக்கிரம் காயும். ட்ரான்ஸ்போமரின் உட்சுற்றுக்குப் பல நாள் பிடிக்கும். அதன் 230 வோல்ற் வயருக்கும் இரும்புக்கும் இடையே மீற்றரை 20 மெகா ஓமில் வைத்துப் பாருங்கள். ஏதாவது வாசிப்புக் காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் மீற்றர்) வைத்திருப்பவரிடம் 500 வோல்ற்றில் சோதித்தால்தான் முழு நம்பிக்கை.

5. ஸ்பீக்கர் பூட்டாமல், அதே பல்பை லைனில் தொடராக இணைத்து அம்பிளிபயரைப் போடுங்கள். பல்ப் ஒருதரம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் ஷோட், உடனே நிறுத்துங்கள்.

6. மங்கினால், ஸ்பீக்கர் முனைகளில் டீசி வோல்ற் அளவுங்கள். 50 மில்லிவோல்ற்றுக்குள் இருந்தால் பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பூட்டிச் சோதிக்கலாம். பல வோல்ற் காட்டினால் ஸ்பீக்கரைப் பூட்டாதீர்கள், அதன் கொயில் எரிந்துவிடும். அவுட்புட் ட்ரான்சிஸ்ரர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, பழுதானதை மாற்றிய பிறகே மறுபடி பல்புடன் போடுங்கள்.