எழுத்தெல்லாம் தெரியும், சொல் வாசிக்க வராது: என் மகளோடு செய்து பார்த்தது

விஜயதசமிக்குக் கோயிலில் ஏடு தொடக்கியவள். முன்பள்ளி முடிவதற்குள் அ முதல் ஃ வரை தட்டாமல் சொல்வாள். ஆனால் 'படம்' என்று எழுதிக் காட்டினால், "ப, ட, இம்... படயிம்?" என்று என் முகத்தைப் பார்ப்பாள். தரம் ஒன்றுக்குப் போக மூன்று மாதம்தான் இருந்தது.

247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல் என்று காத்திருந்தது என் பிழை. நீங்கள் அப்படி இருக்க வேண்டாம்.

முதலில் காது. எழுத்தே வேண்டாம். ஒரு சொல்லைச் சொல்லிக் கை தட்டுங்கள். க-டல், இரண்டு தட்டு. மட்-டக்-க-ளப்-பு, ஐந்து தட்டு. பஸ்ஸில் போகும்போது காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று ஊர்ப் பெயர்களாகத் தட்டிக்கொண்டே போனோம். ஒரு வாரம் போதும்.

பிறகு மட்டை. கலண்டர் தாளின் பின்பக்கத்தை வெட்டி ப, ட, ம, ர, க என்று ஐந்தே எழுத்து, கறுப்பு மாக்கரால் பெரிதாக. ஃபோன் செயலி எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை தொட்டவுடன் அதுவே வாசித்துவிடுகிறது, அப்புறம் பிள்ளைக்கு என்ன வேலை? சுவரில் ஒட்டும் அரிச்சுவடிப் படமும் அப்படித்தான். ஔவுக்கு ஔடதம் போட்டிருக்கும். ஔடதத்தை என் மகள் எங்கே கண்டாள்?

இனி நான் சறுக்கிய இடம்: புள்ளி எழுத்து. தனி மெய்யை வாயால் சொல்வது கஷ்டம் என்பதால் முன்னால் ஒரு 'இ' போட்டு இக், இம், இல் என்கிறோம். பெயருக்கு அது சரி. பிள்ளையோ அதுதான் சத்தம் என்று நம்பி, சொல்லுக்குள்ளும் அந்த 'இ'யைக் கொண்டுவந்து வைக்கிறது. இரண்டு கிழமை "ம் சொல்லு, ம் சொல்லு" என்று மல்லுக்கட்டினேன், அவளுக்கும் எனக்கும் அழுகைதான் மிச்சம். கடைசியில் புள்ளி எழுத்தைத் தனியாகக் காட்டுவதையே விட்டேன். 'டம்', 'ரம்', 'டல்' எல்லாம் ஒரே மட்டையில். "ட என்று சொல்லிக்கொண்டே வாயை மூடு" என்றேன். ட...ம். வந்துவிட்டது! 'ல்'லுக்கு நாக்கை மேலே ஒட்டச் சொன்னேன். படம், மரம், கடல், பல், கல் எல்லாம் அந்த வாரமே வாசித்தாள்.

அடுத்தது 'பகல்'. கல்லில் வரும் க போலவே அழுத்தி வாசித்தாள். விதி எதுவும் சொல்லாதீர்கள். "அப்படி ஒரு சொல் கேட்டிருக்கிறாயா?" என்று மட்டும் கேளுங்கள். கொஞ்சம் யோசித்து, "ஓ, பகல்!" என்று அவளே திருத்தினாள். அதனால்தான் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களையே கொடுக்க வேண்டும்.

கால், சுழி எல்லாம் சுலபம். கொம்புதான் வம்பு. 'கொக்கு' எழுதினால் கண் முதலில் கொம்பைத்தான் பார்க்கிறது, வாயில் முதலில் வர வேண்டியதோ க். கெ என்று தொடங்கி, பின்னால் நிற்கும் காலைத் தனியே 'ஆ' என்று இழுப்பாள். கொம்பு, க, கால் மூன்றையும் ஒரே நிறத்தில் எழுதி, சுற்றி ஒரு பெட்டி கீறினேன். பெட்டிக்குள் இருப்பது ஒரே சத்தம், அவ்வளவுதான். பயிற்சிக்கு பஸ் பெயர்ப்பலகை போல எதுவும் இல்லை: கொழும்பு, கல்முனை, அக்கரைப்பற்று. இதே காரணத்தால் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் எழுத்துகளை வாங்க வேண்டாம் என்பேன். கொம்பு கட்டிலுக்கடியில், க குசினியில் கிடக்கும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். கொட்டாவி விட்டால் மட்டையை எடுத்து வைத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். 'வீடு' என்று எழுதியிருப்பதை மகன் "ஊடு" என்று வாசிக்கிறானாம், அடிக்கவா என்று கேட்டார். வேண்டாம் தங்கச்சி! எழுத்தைப் பார்த்துப் பொருளைப் பிடித்துவிட்டான், பாதி வேலை முடிந்தது. "நம்மட வாயில ஊடு, கொப்பியில வீடு" என்று சொல்லி, முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள். ல, ள, ழ பற்றியும் நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை இப்போதைக்கு விடுங்கள், என் மகள் இன்னும் வாளைப்பளம்தான் சாப்பிடுகிறாள்.