டில் ஊறுகாய்: நறுக்கென்று கடிபட வேண்டுமென்றால்

வெள்ளரிக்காயை டில் கீரையோடு உப்புநீரில் போட்டுப் புளிக்கவிடுவதுதான் டில் ஊறுகாய். இதற்குப் புளிப்பு தானாக வந்துவிடும். உப்பும் நேரமும் அதைப் பார்த்துக்கொள்ளும். கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், அதற்குத்தான் நாம் மெனக்கெட வேண்டும். அந்த நறுக்கு, ஜாடியில் உப்புநீரை ஊற்றுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் முதலில் காயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கெர்கின் வகை வெள்ளரிதான் இதற்குச் சரி. விரல் நீளம், தோல் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள், உள்ளே பிஞ்சு விதை. கட்டைவிரலால் அழுத்தினால் துளியும் அமுங்கக் கூடாது. சாலட்டுக்கு வாங்கும் நீளமான வெள்ளரியில் தண்ணீர் அதிகம், சீக்கிரம் குழைந்துவிடும். தோலில் மெழுகு பூசிய காயும் வேண்டாம், உப்புநீர் உள்ளே இறங்காது. வாங்கிய அன்றே போடுவது நல்லது. கழுவும்போது மிதக்கிற காயைத் தனியாக எடுத்து வையுங்கள். அதன் நடுவில் பெரும்பாலும் பொந்து விழுந்திருக்கும். வட்டமாக நறுக்கிப் போட அது உதவும். மற்றதை ஐஸ் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால், வாடியிருந்த காயும் விறைப்பாகிவிடும்.

அடுத்து, பலரும் விட்டுவிடுகிற வேலை. காயின் இரண்டு முனைகளையும் உற்றுப் பாருங்கள். ஒன்றில் காம்பு ஒடிந்த தடம் இருக்கும். இன்னொன்றில் பூ உதிர்ந்த இடத்தில் சொரசொரப்பான சின்னப் புள்ளி, சில சமயம் காய்ந்த இதழே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பூ முனையில் இருக்கும் நொதிகள்தான் ஊறும்போது காயின் சதையை இளக்குகின்றன. அங்கே 2 மில்லிமீட்டர் சீவி எறிந்துவிடுங்கள். எது எந்த முனை என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் சீவலாம், நஷ்டமில்லை. திராட்சை இலை கிடைத்தால் ஒன்றிரண்டை ஜாடியின் அடியில் போடுங்கள். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அந்த நொதிகளை அடக்கும். பூ முனையைச் சீவிவிட்டால் இலை இல்லாமலும் சமாளிக்கலாம்.

உப்புநீருக்குக் கணக்கு எளிது: 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு. கரண்டியால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். கல் உப்பும் பொடி உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. கட்டி பிடிக்காமலிருக்க எதுவும் கலக்காத, அயோடின் சேர்க்காத உப்பாகப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்க வைத்து நன்றாக ஆறவிடுங்கள். நமக்காக வேலை செய்யப்போவது காயோடு வருகிற லாக்டிக் அமில பாக்டீரியா. சூடான நீரை ஊற்றினால் அதுவே செத்துப்போகும்.

1 லிட்டர் கண்ணாடி ஜாடிக்கு அரைக்கிலோ காய் பிடிக்கும். அடியில் டில் கீரை ஒரு கைப்பிடி. சதகுப்பை என்றும் இதைச் சொல்வோம். விதை பிடித்த பூங்கொத்தாகக் கிடைத்தால் வாசம் இன்னும் நன்றாக இருக்கும். கீரை மட்டும்தான் என்றால் டில் விதை ஒரு டீஸ்பூன் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டிய பூண்டு நான்கைந்து பல், கடுகு, மிளகு, ஒரு காய்ந்த மிளகாய். இதற்கு மேல் மசாலா போட எனக்கு மனம் வராது. டில் வாசம்தான் முன்னால் நிற்க வேண்டும். காய்களை நெருக்கி நிமிர்த்தி அடுக்கி, மூழ்கும்வரை உப்புநீரை ஊற்றி, மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாரமாக வையுங்கள். எந்தக் காயும் தலையை வெளியே நீட்டக் கூடாது. காற்று படுகிற இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும்.

மூடியை இறுக்காமல் வைத்து, ஜாடியைத் தட்டில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் விடுங்கள். 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் இதற்குத் தோதானது. 27 டிகிரியைத் தாண்டினால் காய் இளகத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் குமிழி எழும், நீர் கலங்கும், பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும். இதெல்லாம் நல்ல அறிகுறி. பூண்டு நீலமாக மாறினாலும் கவலை வேண்டாம், அமிலம் பட்டதால் வரும் நிறம் அது, சாப்பிடலாம். மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் வழித்து எடுத்துவிடலாம். ஆனால் கறுப்பு, பச்சை, இளஞ்சிவப்பு என்று பஞ்சு மாதிரி ஏதாவது முளைத்தாலோ, காய் வழவழத்து நாற்றம் அடித்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். அதில் தயவு தாட்சண்யமே வேண்டாம்.

அரைப் புளிப்புக்கு ஐந்தாறு நாள் போதும். நறுக்கினால் நடுவில் இன்னும் வெள்ளையாக இருக்கும், எனக்குப் பிடித்த பருவம் அதுதான். முழுப் புளிப்புக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். பிடித்த புளிப்பு வந்ததும் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள், புளிப்பது அடங்கிவிடும்.

இவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் வினிகர் இருக்கிறது. 5 சதவீத அமிலமுள்ள வினிகரும் தண்ணீரும் சம அளவு, 1 லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி உப்பு, ஒரு கொதி. அதே டில், அதே பூண்டு. நறுக்கிய காய்மேல் ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே சாப்பிடலாம். சுவை கூர்மையாக இருக்கும், ஆனால் புளித்து வருகிற அந்த ஆழம் இதில் கிடைக்காது. அலுமினியம், செம்புப் பாத்திரம் மட்டும் தொடாதீர்கள்.

சரி, ஜாடி தயார். பர்கருக்கும் சாண்ட்விச்சுக்கும் நடுவே வைப்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு ஆள் வந்தால் நான் செய்வது பொரித்த ஊறுகாய். அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, துணியில் பரப்பி, மேலேயும் துணி போட்டு ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் மாவு கழன்று எண்ணெயில் தனியாக நீந்தும். முதலில் சோள மாவில் புரட்டி, அப்புறம் கெட்டியான மைதா மாவுக் கரைசலில் முக்கி, 190 டிகிரி எண்ணெயில் இரண்டு நிமிடம். கரைசலில் உப்புப் போடாதீர்கள், காயில் இருப்பதே போதும். தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிரில் பூண்டும் டில் கீரையும்.

பொடியாக நறுக்கி மயோனைஸில் கலந்தால் பொரித்த மீனுக்கு அருமையான சாஸ். சீஸ் டோஸ்டுக்குள் மெல்லிய நீளத் துண்டுகளாக வைத்தால், உருகிய சீஸின் கொழுப்பை அந்தப் புளிப்பு அழகாக வெட்டும். குழந்தைகளுக்கு முழுக் காயையே குச்சியில் குத்திக் கொடுத்துவிடலாம்.

ஜாடியில் மிஞ்சும் நீரைக் கொட்டிவிடாதீர்கள். உருளைக்கிழங்கு சாலட் செய்யும்போது, வெந்த கிழங்கு சூடாக இருக்கும்போதே இரண்டு மூன்று கரண்டி தெளியுங்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும். வேகும்போதே ஊற்றினால் கிழங்கு வேகாமல் அடம் பிடிக்கும், அமிலத்தில் அது சுலபமாக இளகாது. உரித்த அவித்த முட்டைகளை வினிகர் ஊறுகாய் நீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாளில் வெள்ளைக்கருவில் டில் வாசம் ஏறிவிடும். பொரிக்கப்போகும் கோழித் துண்டுகளை எந்த ஊறுகாய் நீரிலும் இரண்டு மணி நேரம் ஊறவைக்கலாம். அந்த நீரை மட்டும் திரும்ப எதற்கும் எடுக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும்.