விபத்தில்லா நாட்கள் சொல்லாத செய்தி: வேதி ஆலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதித் தொழிற்சாலைகளின் வாயிலில் ‘விபத்தின்றிக் கடந்த நாட்கள்’ என்று எழுதிய பலகை ஒன்று பெரும்பாலும் இருக்கும். வழுக்கி விழுவதும் கை நசுங்குவதும் குறைந்து வருகின்றன என்பதை அந்த எண் காட்டும், அது நல்லதே. ஆனால் அதே எண்ணை நம்பி, உலை வெடிக்காது, தொட்டி கசியாது என்று நிர்வாகம் முடிவு கட்டிவிடுவதுதான் இத்துறையின் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதன் நிழலில்தான் வளர்கின்றன என்பது என் கருத்து. கால் வழுக்குவதற்கான காரணங்கள் வேறு, அழுத்தத்தில் உள்ள பாத்திரம் பிளப்பதற்கான காரணங்கள் வேறு.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தனர், சுமார் 180 பேர் காயமடைந்தனர். தொழிலாளர் காயங்களின் விகிதம் குறைந்திருந்ததையே பாதுகாப்பின் அளவுகோலாக நிறுவனம் கொண்டிருந்தது என்று பின்னர் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழு குறை கூறியது. பராமரிப்புக்குப் பின் மீண்டும் தொடங்கப்பட்ட, எண்ணெயைக் கூறுகளாகப் பிரிக்கும் கோபுரத்தில் திரவம் ஏறிக்கொண்டே போக, கட்டுப்பாட்டு அறையில் இருந்த அளவுகாட்டியோ மட்டம் இறங்குவதாகக் காட்டியது. தனியே பொருத்தப்பட்டிருந்த உயர்மட்ட அலாரமும் ஒலிக்கவில்லை. வழிந்த திரவம் மேலே திறந்திருந்த புகைபோக்கி போன்ற குழாய் ஒன்றின் வழியாக வெளியே கொட்டி, ஆவியாகித் தீப்பற்றியது. இறந்தவர்கள் அதற்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அலுவலக அறைகளிலும் அவற்றை ஒட்டியும் இருந்தவர்கள். அந்தக் கோபுரத்தை முன்பு இயக்கத் தொடங்கியபோதெல்லாம் பெரும்பாலும் மட்டம் அளவுகாட்டியின் எல்லையைத் தாண்டியே போயிருந்தது. அப்போது ஒன்றும் நேராததால், விதிமீறல் மெல்ல வழக்கமாகிவிட்டது. வாயிற்பலகையில் எழுத வேண்டியவை உண்மையில் வேறு: சோதிக்கப்படாத அலாரங்கள் எத்தனை, சோதனைக் கெடு தாண்டிய சேஃப்டி வால்வுகள் (அழுத்தம் மிகுந்தால் திறந்து அதை வெளியேற்றுபவை) எத்தனை, கடந்த மாதம் மயிரிழையில் தப்பிய நிகழ்வுகள் எத்தனை.

காப்பு அமைப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திவைப்பது அடுத்த தவறு. எந்த அமைப்பும் காரணமில்லாமல் நிறுத்தப்படுவதில்லை. ஒன்றுக்குச் செலவு, இன்னொன்றுக்குப் பழுது, மூன்றாவதற்கு ‘இப்போது உற்பத்தி நடக்கவில்லையே’ என்ற சமாதானம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபால் பூச்சிக்கொல்லி ஆலையின் சேமிப்புத் தொட்டிக்குள் நீர் புகுந்து, மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சுத் திரவம் கொதித்தெழுந்தபோது, அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பு பல மாதங்களாக நின்றிருந்தது. வாயுவைக் காரக் கரைசலால் கழுவி நடுநிலையாக்கும் ஸ்க்ரப்பர் காத்திருப்பு நிலையில் இருந்தது. எரித்து அழிக்கும் ஃபிளேர் கோபுரத்துக்குச் செல்லும் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஏறத்தாழ 40 டன் நச்சு ஊருக்குள் பரவியது. ஒரு காப்பை நிறுத்தும் ஒப்புதலில் கையெழுத்திடுபவர், அந்த நேரத்தில் மற்ற காப்புகள் எந்த நிலையில் உள்ளன என்பதையும் அதே தாளில் பார்க்கும்படி செய்வது இத்தவறைத் தடுக்கும் எளிய வழி.

போபால் இன்னொன்றையும் காட்டியது. மெத்தில் ஐசோசயனேட் அந்த ஆலையின் விற்பனைப் பொருளன்று. ஒரு வினைக்கும் அடுத்த வினைக்கும் இடையில் உண்டாகும் பொருள் மட்டுமே. தேவைப்படும்போது சிறிது சிறிதாக உண்டாக்கி உடனே செலவழித்திருந்தால், தொட்டி தொட்டியாகத் தேக்கி வைக்க வேண்டியிருந்திருக்காது. அபாயப் பொருளைக் காவல் காப்பது எப்படி என்று மட்டும் யோசித்து, அதன் அளவைக் குறைக்க முடியுமா என்று கேட்காமலிருப்பது பல வடிவமைப்பாளர்கள் இன்றும் செய்யும் பிழை.

தற்காலிக மாற்றங்களைச் சாதாரணமாக எண்ணுவது மற்றொரு தவறு. இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ வேதி ஆலையில் அடுத்தடுத்து நின்ற ஆறு உலைகளில் ஐந்தாவதில் விரிசல் கண்டதும், அதை அகற்றிவிட்டு நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலக் குழாய் ஒன்றால் இணைத்தார்கள். அதன் வரைபடம் பட்டறைத் தரையில் சாக்குக்கட்டியால் வரையப்பட்டது. வளைந்த குழாயின் மீது அழுத்தம் எவ்வாறு செயல்படும் என்ற கணக்கு போடப்படவில்லை. போடக்கூடிய தலைமை இயந்திரப் பொறியாளர் பதவி அப்போது காலியாக இருந்தது. 1974 ஜூன் 1 அன்று குழாய் பிய்ந்து, எளிதில் தீப்பற்றும் சைக்ளோஹெக்சேன் ஆவி மேகம் வெடித்ததில் 28 பேர் மாண்டனர். அன்று சனிக்கிழமையாக இல்லாதிருந்தால் எண்ணிக்கை பன்மடங்காகியிருக்கும். குழாயின் அளவு, வால்வின் வகை, மூலப்பொருளின் செறிவு, ஆட்களின் எண்ணிக்கை என எது மாறினாலும், மாற்றம் ஒரே நாளுக்கானது என்றாலும், அதை எழுதி, தகுதியுடைய மற்றொருவர் சரிபார்த்த பிறகே இயக்க வேண்டும்.

ஆய்வகத்தில் அடங்கி நடந்த வினை பெரிய உலையிலும் அடங்கும் என்று நம்புவதும் இதே இனம். உலையின் விட்டத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கினால் உள்ளே வெப்பம் உண்டாக்கும் பொருள் எட்டு மடங்காகும். வெப்பம் வெளியேறும் சுவர்ப் பரப்போ நான்கு மடங்குதான். வெப்பம் கூடக்கூட வினை மேலும் விரைவதால், குளிர்நீர் சில நிமிடங்கள் நின்றாலே கட்டுமீறிப் போய்விடலாம்.

நின்றுபோன ஆலை பாதுகாப்பானது என்ற எண்ணமும் தவறே. ஊரடங்கில் முடங்கியிருந்த விசாகப்பட்டின ஆலையில், தொட்டியில் தேங்கிக் கிடந்த, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீன் திரவம் தானாகவே பலபடியாக்கம் அடைந்து (மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்து) சூடேறி, 2020 மே 7 அதிகாலையில் ஆவியாக வெளியேறியதில் 10-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய பொருளுக்கு உற்பத்தி இல்லாத நாட்களிலும் குளிரூட்டல், வினைத்தடுப்பான், வெப்பநிலைக் கண்காணிப்பு மூன்றும் வேண்டும்.

ஷிப்ட் மாறும்போது வாய்மொழியாக விஷயத்தைக் கடத்துவது அற்பமாகத் தெரியும். வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய், எரிவாயு மேடையில், பம்பு ஒன்றின் சேஃப்டி வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி அடுத்த ஷிப்டைச் சென்றடையவில்லை. 1988 ஜூலை 6 அன்று அந்தப் பம்பை இயக்கியபோது தொடங்கிய தீயில் 167 பேர் இறந்தனர். இத்தகைய நிகழ்வின் விசாரணையை ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதி மூடிவிட்டால், பெர்மிட் முறையில் (பழுதுபார்ப்பு வேலைக்கு எழுத்தில் அனுமதி தரும் முறையில்) இருந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

வேலிக்கு வெளியே இருப்பவர்களை மறந்துவிடும் தவறு கடைசியாகக் கவனிக்கப்படுகிறது. பல ஆலைகளில் கவனிக்கப்படுவதே இல்லை. போபாலில் அன்றிரவு மருத்துவமனைக்கு வந்தவர்களை என்ன வாயு தாக்கியது, எப்படிச் சிகிச்சை அளிப்பது என்று மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மெத்தில் ஐசோசயனேட் நீருடன் வினைபுரியும் என்பதால், முகத்தில் ஈரத்துணியை இட்டுக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக விலகியிருந்தால் பலருக்குப் பாதிப்பு குறைந்திருக்கக்கூடும். அதை ஊர் மக்களுக்கு யாரும் முன்பே சொல்லி வைத்திருக்கவில்லை.