கொழகொழ களிமண்ணில் குடோன்: ஜல்லித் தூண் போட்ட அனுபவம்

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு குடோன் வேலை. ஆறு மீட்டர் வரை கொழகொழ களிமண், எஸ்பிடி (மண்ணில் குழாயை அடித்து இறக்கி உறுதியை அளக்கும் சோதனை) எண் 3-ஐத் தாண்டவில்லை. பைல் (ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட பட்ஜெட் இடம் கொடுக்காததால் ஜல்லித் தூண்தான் (மண்ணில் துளை போட்டு ஜல்லியை நிரப்பி இறுக்குவது) என்று முடிவு செய்து, 80 செ.மீ. விட்டத்தில், 2 மீட்டருக்கு ஒன்றாக முக்கோண வரிசையில் குறித்தோம். முதல் லோடு ஜல்லியே கிரஷர் தூசியோடு வந்து நின்றது. இந்தத் தூண் பாரம் மட்டும் தாங்குவதில்லை, களிமண்ணில் தேங்கிய தண்ணீர் மேலே வருவதும் இது வழியாகத்தான். தூசி அடைத்தால் அது போச்சு. சப்ளையரோடு மல்லுக்கட்டி லோடைத் திருப்பி அனுப்பி, கழுவிய 20 முதல் 75 மி.மீ. ஜல்லி வரவழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி இடித்து இறுக்கினோம் (இங்கே அவசரப்பட்டால் தூண் நடுவில் தளர்ந்துவிடும்). மேலே அரை மீட்டர் மணல். அப்புறம் ஐஎஸ் 15284 (ஜல்லித் தூணுக்கான இந்தியத் தரநிலை) படி லோடு டெஸ்ட், அதாவது தூண் மேல் பாரம் ஏற்றிப் பார்ப்பது: 9 மி.மீ. இறக்கம். சரி, ராஃப்டுக்கு (கட்டடம் முழுக்க ஒரே பலகையாகப் போடும் கான்கிரீட் அடித்தளம்) கம்பி கட்டச் சொல்லிவிட்டேன்.